ஊரகச் சிறுநகருக்கு ஒரு பூங்காவும் நடைத்தடமும்: முதல் நடையிலிருந்து பராமரிப்பு வரை ஒரு முழு வழிகாட்டி

பெருமழை விட்ட அரைமணி நேரத்தில் அந்த நிலத்தில் இறங்கி நடந்து பாருங்கள். பூங்காவோ நடைத்தடமோ அமைக்க நினைக்கும் எந்தச் சிறுநகரக் குழுவுக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே கிழித்துக்கொண்டு ஓடுகிறது, எந்த மேடு பத்தே நிமிடத்தில் உலர்ந்துவிடுகிறது என்பதையெல்லாம் அந்த ஒரு நடை காட்டிவிடும். வெயில் நாளில் வரைந்த அழகான வரைபடம் இதில் எதையும் சொல்லாது. பாதையைக் கெடுப்பதில் காலடிக்குப் பங்கு உண்டு என்றாலும் பெரும்பங்கு தண்ணீருக்கே. ஆகவே நடைத்தடம் அமைப்பது முக்கால் பங்கு வடிகால் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் முடிவுகள் பலவும் எளிதாகும்.

பெருநகரப் பூங்காவைச் சிறிதாக்கி நட்டுவைத்தால் ஊரகச் சிறுநகருக்குப் பொருந்தாது. இங்கே நிலம் பரந்தது; கைகளும் நிதியும் குறைவு. பத்துக் கிலோமீட்டர் தடம் போட்டுவிட்டு இரண்டாம் ஆண்டே புதரிடம் பறிகொடுப்பதைவிட, ஒரே ஒரு கிலோமீட்டர் சுற்றுத்தடத்தை எல்லாப் பருவத்திலும் நடக்கத் தக்கதாக வைத்திருப்பது மேல்.

ஏற்கெனவே நடக்கும் கால்களைப் பின்தொடருங்கள்

எந்த ஊரிலும் யாரும் திட்டமிடாத ஒற்றையடிப் பாதைகள் இருக்கும். பள்ளிக்குக் குறுக்கே போகிற வழி, நீர்நிலையின் கரை, இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே வேலி திறந்த இடம் ஆகியவை மக்கள் தங்கள் கால்களால் எழுதிவைத்த கோரிக்கைகள். அவற்றை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். கைப்பேசியில் நடந்த தடத்தைப் பதிவு செய்யும் செயலி ஒன்று போதும்.

பிறகு, நடப்பவர்களைக் கேளுங்கள்; நடக்காதவர்களை அதைவிட அதிகமாகக் கேளுங்கள். "ஏன் வருவதில்லை?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள்தாம் பூங்காவை வடிவமைக்கும். உட்கார இடமில்லை, கழிப்பறை இல்லை, இருட்டிய பிறகு பயம், நாய்த் தொல்லை, சக்கர நாற்காலி போகாது என்று அந்தப் பதில்களில் பெரும்பாலானவை சிறிய பொருள்களைப் பற்றியவையாகவே இருக்கும். கூட்டம் போட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் வழக்கமாகப் பேசுகிறவர்கள்தாம் பேசுவார்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அந்த இடத்திலேயே நின்று, போகிறவர்களோடு சேர்ந்து நடந்து கேளுங்கள். பெண்கள், முதியவர்கள், பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆகிய மூவரின் பதில்களும் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதைக் காண்பீர்கள்.

அந்த நாள்களிலேயே தலைகளையும் எண்ணி எழுதிவையுங்கள்: எத்தனை பேர், எந்த மணிக்கு, எந்தத் திசையில். தடம் அமைந்த பிறகு அதே மணிகளில் மறுபடி எண்ணினால், செய்த வேலைக்குக் கையில் சான்று இருக்கும். அடுத்த நிதியைக் கேட்கும்போது அந்த எண் உங்களுக்காகப் பேசும்.

நிலம் யாருடையது என்பதை எழுத்தில் தெளிவாக்குங்கள்

வாய்ச்சொல்லை நம்பித் தடம் போடாதீர்கள். "நடந்துவிட்டுப் போங்கள்" என்று நல்ல மனத்தோடு சொன்ன உரிமையாளருக்குப் பிறகு நிலம் வேறு கைக்கு மாறலாம். தனியார் நிலத்தைக் கடக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் வழி உரிமை எழுத்தில் வேண்டும். எவ்வளவு அகலம், யார் நடக்கலாம், வேலியையும் வாயிலையும் யார் பராமரிப்பது, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும் என்பவை அதில் இருக்க வேண்டும். கால்நடை மேயும் நிலம் என்றால், தானாகவே மூடிக்கொள்ளும் வாயிலை உங்கள் செலவில் வைத்துக் கொடுப்பதே மரியாதை. உழவரின் நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால் அந்தத் தடமும் போனது போலத்தான்.

நீளவாக்கில் கிடைக்கும் பொது நிலங்களைத் தேடுங்கள். வாய்க்கால் கரை, வெள்ளத் தடுப்பு அணையின் மேடு, குழாய் பதித்த பட்டை, கைவிடப்பட்ட ரயில் பாதை எல்லாம் இதில் அடங்கும். பழைய ரயில் பாதை கிடைத்தால் அது பெரும் பேறு. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் அந்த மண்மேடு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்குள்தான் பெரும்பாலும் சாய்ந்திருக்கும்; முதியவரும் மிதிவண்டியும் சக்கர நாற்காலியும் ஒரே தடத்தில் போகலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்ற இரு சிற்றூர்களுக்கு இடையே கைவிடப்பட்ட ரயில் பாதையை 1967-இல் இப்படித் தடமாகத் திறந்தார்கள். சுமார் 51 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் மூன்று சுரங்கங்களின் வழியே செல்கிறது. பழைய பாலங்கள் இருந்தால் மட்டும், திறப்பதற்கு முன் பொறியாளரைக் கொண்டு சோதித்துவிடுங்கள்.

சாய்வைச் சரியாகப் பிடியுங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தடம் நிலைப்பதும் அழிவதும் இங்கேதான் முடிவாகிறது.

மேட்டிலிருந்து இறங்கத் தண்ணீர் தேர்ந்தெடுக்கும் நேர்வழியில் பாதை போடக் கூடாது. அது குறுக்குவழியாகத் தோன்றும். முதல் பருவத்திலேயே ஓடையாகிவிடும். சரிவின் குறுக்கே, மெல்ல ஏறியபடி தடத்தைக் கொண்டுபோக வேண்டும். எளிய கணக்கு ஒன்று உண்டு: மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கக் கூடாது. நிலம் நூற்றுக்குப் பதினாறு சாய்ந்திருந்தால் பாதை நூற்றுக்கு எட்டுக்குள் ஏறட்டும். பாதிக்கு மேல் போனால் தண்ணீர் பாதையைக் குறுக்கே தாண்டாமல் அதன் வழியாகவே ஓடத் தொடங்கும். இத்துடன், முழு நீளத்தின் சராசரி ஏற்றத்தை நூற்றுக்குப் பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கைப்பேசியிலேயே சாய்வு காட்டும் செயலிகள் இருக்கின்றன. இல்லையென்றால் பத்து மீட்டர் கயிறு, இரண்டு குச்சி, ஒரு ரசமட்டம் போதும். கயிற்றை மட்டமாகப் பிடித்து, தாழ்ந்த முனையில் தரைவரை உள்ள உயரத்தை அளங்கள். ஒரு மீட்டர் இருந்தால் ஏற்றம் நூற்றுக்குப் பத்து. இப்படி அளந்துகொண்டே ஐந்து மீட்டருக்கு ஒரு கொடிக்குச்சி நட்டுக்கொண்டு போங்கள். முடிந்ததும் எதிர்த்திசையில் நடந்து திரும்புங்கள். ஏறும்போது கண்ணில் படாத தவறுகள் இறங்கும்போது தெரியும். குச்சிகளை இரண்டு மூன்று முறை மாற்றி நட நேரும், அதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். குச்சியை நகர்த்த ஒரு நிமிடம் ஆகும், வெட்டிய தடத்தை நகர்த்த ஒரு வாரம் ஆகும்.

வெட்டும்போது நடைத்தளத்தின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். 120 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஆறு சென்டிமீட்டர் தாழ்வு போதும். மழைநீர் மெல்லிய தாளாகப் பரவிக் கீழே இறங்கிவிடும். அதோடு, ஏறிக்கொண்டே போகும் தடத்தைப் பதினைந்து இருபது மீட்டருக்கு ஒருமுறை சில அடி தூரத்துக்குச் சற்றே இறக்கி மறுபடி ஏற்றுங்கள். அந்தச் சிறு பள்ளத்தில் தண்ணீர் பாதையை விட்டு வெளியேறிவிடும். செங்குத்தான இடங்களில் இந்த இறக்கங்கள் இன்னும் நெருக்கமாக வேண்டும். நடப்பவருக்கு இது அலைபோன்ற ஒரு சிறு இன்பமாக மட்டுமே தெரியும். தடத்தின் ஆயுளே அதில்தான் இருக்கிறது.

சமதளம் எளிது என்று எண்ண வேண்டாம். மலைச்சரிவைவிட அதுதான் கடினம். தண்ணீருக்கு அங்கே போக்கிடம் இல்லை. பாதையைச் சுற்றுநிலத்தைவிட உயர்த்துங்கள். இருபுறமும் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே நடுவில் போட்டுக் கெட்டிப்படுத்தி, முதுகு சற்று உயர்ந்தாற்போல் விடுங்கள். எந்நேரமும் ஈரமாக இருக்கும் சதுப்பில் அதுவும் நிற்காது. அங்கே கால்களின்மேல் பலகைப் பாதை அமைப்பதே வழி. அல்லது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவது. நான் எப்போதும் சுற்றிப்போவதையே விரும்புவேன். சதுப்பில் வாழும் உயிர்களுக்கும் அது நல்லது.

மேற்பரப்பும் அகலமும்

சரளை வாங்கும்போது உருண்டைக் கூழாங்கல்லைத் தவிர்த்துவிடுங்கள். பார்வைக்கு அழகாக இருந்தாலும் காலடியில் உருளும். எத்தனை முறை உருளை ஓட்டினாலும் இறுகாது. உடைத்த கல், கூர்முனைகளோடும் தூளோடும் கலந்து வர வேண்டும். அந்தத் தூள்தான் கற்களைப் பூட்டிப் பிடிக்கிறது. பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கனத்துக்கு, இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இறுக்குங்கள். களிமண் நிலமானால் அடியில் நீரை மட்டும் விட்டு மண்ணைத் தடுக்கும் துணியை (ஜியோடெக்ஸ்டைல்) விரித்துவிட்டுக் கல் போடுங்கள். இல்லையேல் இரண்டு மழையில் கல்லைச் சேறு விழுங்கிவிடும். காட்டுக்குள் போகும் தடத்துக்கு இது எதுவும் வேண்டாம். சாய்வு சரியாக இருந்தால் மண்ணே போதும்.

ஒருவர் பின் ஒருவராக நடக்க 60 முதல் 90 சென்டிமீட்டர் அகலம் போதுமானது. இருவர் பேசிக்கொண்டு நடக்க ஒன்றரை மீட்டர் வேண்டும். தலைக்கு மேல் சுமார் 2.4 மீட்டர் உயரத்துக்குக் கிளைகள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த கிளை ஒரு முழம் தாழும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நுழைவாயிலிலிருந்து தொடங்கும் முதல் சுற்றையாவது சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும்படி அமையுங்கள். ஏற்றம் இருபது அடிக்கு ஓரடிக்கு மேல் வேண்டாம். அகலம் எங்கும் 90 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எதிரெதிரே வரும் இரண்டு நாற்காலிகள் விலகவும் திரும்பவும் ஆங்காங்கே ஒன்றரை மீட்டர் அகலத்தில் இடம் விடுங்கள். பக்கச்சாய்வு நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் நாற்காலி ஒருபக்கமாக இழுக்கும். அதனால் மேலே சொன்ன வெளிச்சாய்வை இந்தச் சுற்றில் குறைத்துக்கொண்டு, இறுகிய கல்தூள் பரப்பின் உதவியோடு நீரை வெளியேற்ற வேண்டும். வண்டிகளைத் தடுக்க வாயிலில் குறுகலான தடுப்பு வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறதோ இல்லையோ, நாற்காலியில் வருபவரை உறுதியாக நிறுத்திவிடுகிறது. தடுப்பு வைத்த அன்றே ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

பூங்காவில் முதலில் நிழல், பிறகு இருக்கை

இங்கிலாந்தின் பிர்கன்ஹெட் நகரில் 1847-இல் திறக்கப்பட்ட பூங்கா, பொதுப் பணத்தில் பொதுமக்களுக்காக அமைந்த பூங்காக்களில் முன்னோடி. ஜோசப் பாக்ஸ்டன் அதற்குத் திட்டம் வரைந்தபோது அந்த நிலம் நீர் தேங்கும் தாழ்நிலம். அவர் நிலத்தை வடியவைத்து, ஏரிகளை வெட்டி, தோண்டிய மண்ணைக் கொண்டே மேடுகளை எழுப்பினார். 1850-இல் அதைப் பார்த்து வியந்த பிரடெரிக் லா ஓம்ஸ்டட்தான் பின்னர் கால்வர்ட் வாக்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தார். அந்த வியப்பு நியாயமானது. நிலத்தின் குறையை ஏரியும் மேடுமாக மாற்றிவிடலாம் என்பதைவிடப் பெரிய பாடம் ஒரு சிறுநகரக் குழுவுக்கு வேண்டியதில்லை. உங்கள் நிலத்தில் எப்போதும் நீர் நிற்கும் மூலை ஒன்று இருந்தால் அதை மண் போட்டு மூடாதீர்கள். குளமாக்குங்கள்.

இருக்கும் மரங்களைச் சுற்றியே பூங்காவை எழுப்புங்கள். புதுக் கன்று நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். நின்ற மரம் இன்றே தருகிறது. மரத்தின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே, கிளை விரிந்த எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கின்றன. அடிமரத்தைச் சுற்றி மண்ணை உயர்த்தினாலோ, சிமெண்ட் மேடை கட்டினாலோ, வேரின் மேல் லாரியை ஓட்டினாலோ மரம் உடனே சாகாது. மெல்ல நலிந்து, காரணம் மறந்துபோன ஓர் ஆண்டில் பட்டுவிடும். மரத்தடி மேடையைப் பெருமையாகத் திறந்துவைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுவது அதனால்தான்.

இருக்கையின் உயரம் 45 சென்டிமீட்டர் அளவில், சாய்மானத்தோடும் கைப்பிடியோடும் இருக்கட்டும். மூட்டுவலி உள்ளவர் எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும். பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்குக் கெட்டியான தளம் விடுங்கள். அழகான காட்சி தெரியும் வெட்டவெளியில் இருக்கை போட்டுவிட்டு, யாரும் உட்காரவில்லையே என்று வருந்தியவர்களில் நானும் ஒருவன். மாலை நான்கு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுப் போட்டிருக்க வேண்டும். முதல் ஒரு கிலோமீட்டரில் நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு ஓர் இருக்கை இருந்தால், நடக்கத் தயங்கும் முதியவர் அடுத்த இருக்கையைப் பார்த்து நடப்பார்.

ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் கெட்டித்தரை கூடாது. முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணலோ மரச்சீவலோ போட்டு, காலடியில் அது விலகிப்போகும் இடங்களை வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டும். இளைஞர்களுக்கும் ஓர் இடம் விடுங்கள். அவர்களை விரட்டும் பூங்கா இரவில் பாழாகிறது.

சுற்று, தூரம், பலகை

போன வழியே திரும்பும் தடத்தைவிடச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் தடத்தில்தான் மக்கள் விரும்பி நடக்கிறார்கள். ஒரு சிறு சுற்று, அதன் தோளில் ஒரு பெரிய சுற்று, அதற்கப்பால் இன்னொன்று என்று அடுக்கினால் ஒரே நுழைவாயிலிலிருந்து மூன்று அளவு நடை கிடைக்கும்.

நேரத்தைக் குறிக்க 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் தந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது உடல்வலு உள்ளவருக்கான கணக்கு. பொதுத் தடத்தின் பலகையில் அதைவிடக் கூட்டியே எழுதுங்கள்.

நுழைவாயில் பலகையில் தூரம், ஏற்றம், மேற்பரப்பு, படிக்கட்டுகள் உண்டா, கழிப்பறை எங்கே என்று எழுதினால் போதும். "எளிது", "கடினம்" என்ற சொற்களை நம்பாதீர்கள். செங்குத்தான ஐம்பது மீட்டர் இருக்கிறது என்ற செய்தியைக் கொடுத்துவிட்டால் நடப்பவரே முடிவு செய்துகொள்வார். பிரிவுகள் ஒவ்வொன்றிலும் அம்புக்குறி வையுங்கள். பிரிவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் "சரியான வழிதான்" என்று உறுதி சொல்லும் இன்னொரு குறியும் வேண்டும். நூறு, இருநூறு மீட்டருக்கு ஓர் எண்ணிட்ட கம்பம் நட்டு, அந்த எண்களின் பட்டியலை மீட்புப் பணியாளர்களிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். விழுந்து கிடப்பவர் "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்ல நேர்வதற்கும் "பதினேழாம் கம்பம்" என்று சொல்வதற்கும் இடையே ஓர் உயிர் இருக்கலாம்.

தடம் சாலையைக் கடக்கும் இடம் சாலைக்கு நேர்க்குறுக்காகவும், இருபுறமும் வண்டிகள் தூரத்திலேயே தெரியும்படியாகவும் இருக்கட்டும், வளைவில் வேண்டாம். விளக்குகளை நுழைவாயிலிலும் முதல் சுற்றிலும் மட்டும், ஒளி கீழ்நோக்கி விழும்படி, மஞ்சள் சாயலில் வையுங்கள். மற்ற தடம் இரவுயிர்களுக்கு இருட்டாகவே இருக்கட்டும்.

பராமரிப்பு

திறப்பு விழாவுக்கு முன்பே பராமரிப்புக்கான ஆள், நாள், கருவி ஆகிய மூன்றையும் எழுதி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எழுதவே மாட்டீர்கள்.

ஆண்டின் முதல் பெருமழைக்குப் பிறகு, மண்வெட்டியோடு முழுத் தடத்தையும் நடப்பது முக்கியமான வேலை. காலடி பட்டு நடுப்பகுதி தாழ, வெளி ஓரத்தில் ஒரு சிறு மண்வரம்பு எழுந்திருக்கும். அந்த வரம்பு தண்ணீரை வெளியே விடாமல் பாதையிலேயே அடைத்துவைக்கும். அதை வெட்டிச் சரித்துவிடுங்கள். இறக்கங்களில் சேர்ந்த வண்டலையும் சருகையும் வாரிக் கீழ்ச்சரிவில் வீசுங்கள். மேல்பக்கம் போட்டால் அடுத்த மழையில் திரும்ப வரும். சேற்றைச் சுற்றி மக்கள் புல்லில் நடந்திருந்தால் பாதை அங்கே அகலமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுற்றி நடப்பதைத் தடுத்துப் பலகை வைக்காதீர்கள், சேற்றைச் சரிசெய்யுங்கள்.

கிளை வெட்டும்போது அடிமரத்தோடு ஒட்ட வெட்ட வேண்டாம். கிளை புறப்படும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால் காயம் தானே மூடும். பாதையோரமும் இருக்கைக்கு மேலும் பட்ட மரம் நின்றால் உடனே அகற்றுங்கள். பாதைக்கு எட்டாத தூரத்தில் நிற்கும் பட்ட மரத்தைப் பறவைகளுக்கு விட்டுவிடலாம்.

கம்ப எண்ணோடு ஒரு குறிப்பேடு வைத்து, எந்த இடத்தில் எப்போது என்ன செய்தோம் என்று பதியுங்கள். ஒரே எண் மூன்று முறை வந்தால் அங்கே பழுதுபார்ப்பு போதாது; தடத்தையே நகர்த்த வேண்டும்.

அப்படி நகர்த்தும்போது பழைய தடத்தை மூடுவதும் வேலையின் ஒரு பாதி. "வழி இல்லை" என்ற பலகையால் அது மூடாது. இறுகிய மண்ணைக் கடப்பாரையால் கிளறி, மழைநீர் ஓடிய சால்களில் குறுக்கே கல்லும் கட்டையும் அடுக்கி வண்டல் படியவிடுங்கள். இரு முனைகளிலும், கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை, வெட்டிய புதரைப் பரப்பி, அந்த நிலத்திலேயே வளரும் செடிகளைப் பெயர்த்து நடுங்கள். புதிய தடம் திறந்த பிறகே பழையதை மூடுங்கள். அடுத்த பெருமழை விட்டதும் போய்ப் பார்த்தால், தண்ணீர் இன்னும் பழைய வழியில் இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். இறங்கினால் மேலே திறந்திருக்கும் வாயைத் தேடி அடைத்துவிட்டு வாருங்கள்.